மைனியும் தலையில்லாப் பெட்டியும்

எனக்குப் பயம் வந்தால் ஊரில் எல்லார் கையிலும் ஒரே மருந்துதான் இருந்தது. 'ஒண்ணும் ஆவாது.' அம்மா சொல்வாள், மனைவி லீலா சொல்வாள், சாயாக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரை நீட்டிக்கொண்டே சொல்வார். சொன்னவர்கள் நிம்மதியாக அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் அங்கேயே நிற்பேன். என்ன ஆகாது, ஏன் ஆகாது, ஆகாதென்று இவருக்கு யார் வந்து சொன்னது என்று உள்ளே ஒன்று குடைந்துகொண்டே இருக்கும்.

அந்த வார்த்தையை ஒருதடவைகூடச் சொல்லாத ஆள் அடுத்த வீட்டு மைனி. சொந்தத்தில் மைனி இல்லை. நான் அண்ணன் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி. கடற்கரையில் பிறந்து, வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் பல வருடம் உட்கார்ந்துவிட்டு, எங்கள் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வந்து சேர்ந்தவர். இப்போது மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அங்கிருந்தே போன் போட்டு, 'ஆரக் கேட்டுலே என் பேர எழுதுன?' என்பார்.

நைட்டிமேல் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். துண்டு தோளில் கிடந்தால் வீட்டுவேலை நடக்கிறது என்று அர்த்தம். இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தால் யாருடைய பயத்தையோ விசாரிக்கக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.

"என்ன பேடி ஒனக்கு? வாயத் தொறந்து சொல்லு" என்பார். பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம். சொன்னால், "செரி, மொதல்ல அத பாத்துருவோம்" என்பார். அவ்வளவுதான் மைனியின் வைத்தியம்.

ஒருநாள் அடுக்களையில் காஸ் மணக்கிறது என்று லீலா சொன்னதும் நான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிட்டேன். தெருவே கூடி நின்று 'ஒண்ணும் ஆவாது' என்றது. மைனி எங்கள் வீட்டுக்குள் போய், ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டு, சோப்பைக் கரைத்து டியூபில் தடவி, குனிந்து உட்கார்ந்துகொண்டார். "குமிழி வந்தா லீக்கு. வரலேன்னா ஒன் மூக்குதான் லீக்கு" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. குமிழி வந்தது. "லீக்குதான். நீ ஓடுனது நல்லதுதான் மக்கா" என்று சொல்லி சிலிண்டரை மூடி, வெளியே தூக்கி வைத்தார். என் பயம் சரிதான் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அன்றைக்கு என்னமோ நன்றாகத் தூங்கினேன்.

இந்தக் குணத்தால் அவருக்குப் பகையும் உண்டு. களியக்காவிளையில் மரக்கடை வைத்திருந்த ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். காலில் ஒரு கறுப்பு மறு பெரிதாகிறது என்று வேட்டியை இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டு நடப்பார். சாயாக்கடை வாசலில் நாலுபேர் நடுவில் வைத்து மைனி கேட்டுவிட்டார்: "அது கேன்சரான்னு பேடிக்கியளா? அப்பம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. வேட்டிக்கு என்ன தெரியும்?" மனுஷர் அன்று சாயாவைக் குடிக்காமல் போனார். மறுவாரம் திருவனந்தபுரம் போய்க் காட்டி, சாதாரண மறுதான் என்று தெரிந்து வந்தார். வந்த பிறகும் மைனியோடு பேசவில்லை. "பேசாட்டி போவட்டு. வேட்டிய ஒழுங்கா உடுத்து நடக்காருல்லா" என்றார் மைனி.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கேட்பவர்களிடம் வீட்டுக் கஷ்டம் என்று சொல்வதுண்டு. உண்மையில் கணக்குப் பரீட்சையன்று காலையில் பயத்தில் போர்வையை இழுத்து மூடிப் படுத்தவன், அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. தக்கலையில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடித்து, கேமரா பிடித்து, பிறகு திருவட்டாறு போகிற ரோட்டில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே ஒரு போர்டு மாட்டிக்கொண்டேன். கல்யாண வீடியோ, போட்டோ, ஆல்பம்.

கல்யாண வீடியோ கம்ப்யூட்டரில் ஏறினால் இடத்தை அடைத்துக்கொள்ளும். பென் டிரைவ் அன்றைக்கு ஒரு தாலிகட்டைக்கூடத் தாங்காது. அதற்கு வழி சொன்னவர் மைனிதான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் பெரிய ஹார்டு டிஸ்க் போட்டு, உள்ளறையில் அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் வைக்கச் சொன்னார். அதற்கு மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. பக்கத்திலேயே ஹப் என்கிற சின்னப் பெட்டி. முன்னறைக் கம்ப்யூட்டரின் கேபிளும், இன்டர்நெட் மோடத்தின் கேபிளும், இந்தப் பெட்டியின் கேபிளும் அந்த ஹப்பில் வந்து சேரும். முன்னறையில் இருந்துகொண்டே உள்ளறைப் பெட்டியின் ஃபோல்டரைத் திறக்கலாம். லீலா அதற்குத் 'தலையில்லாப் பெட்டி' என்று பெயர் வைத்தாள்.

வைத்த கொஞ்சநாளிலேயே ஒரு தடவை அது திறக்கவில்லை. அனுமதி இல்லை என்று வந்தது. என் வீட்டில், என் பெட்டிக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. மைனியைக் கூப்பிட்டேன்.

"நேத்து ஓடிச்சா?"

"ஓடிச்சு மைனி."

"நேத்துக்கப்புறம் நீ என்ன செய்த?"

"ஒண்ணும் செய்யல்ல."

"லீலா, இவன் என்ன செய்தான்?"

லீலா சொல்லிவிட்டாள். இன்டர்நெட் வழியாக யாராவது வந்து மணப்பெண்களின் படங்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ராத்திரியோடு ராத்திரியாக நான் பெட்டியில் ஃபயர்வால் ஒன்றைப் போட்டு, இருக்கிற எல்லாவற்றையும் மூடு மூடு என்று அமுக்கியிருந்தேன்.

"கள்ளனுக்குப் பேடிச்சு வீட்டப் பூட்டி, சாவிய உள்ள வச்சிட்டு நீயே முத்தத்துல நிக்கியா?" என்றார் மைனி. ஆனால் அதை முழுதாக எடுத்துப் போடவில்லை. "கள்ளன் வரத்தான் செய்வான். அந்தப் பேடி உள்ளதுதான்" என்று சொல்லி, வெளியாட்களுக்கு மூடிவைத்து, முன்னறைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் வழி திறந்துவிட்டார். மூன்று சொடுக்கில் முடிந்த அந்த வேலைக்குப் பிறகு இரண்டு தம்ளர் கட்டன்சாயா குடித்தார்.

பெரிய சோதனை வந்தது ஒரு ஐப்பசியில்.

எங்கள் பக்கத்தில் ஐப்பசி பிறந்தால் மத்தியானத்துக்குமேல் இடி இல்லாத நாள் குறைவு. முதல் உறுமல் கேட்டதும் எல்லா வீட்டிலும் டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். நான் அதோடு நிற்கமாட்டேன். கரண்டு பிளக், டெலிபோன் வயர், ஹப்பில் இருந்து பெட்டிக்குப் போகிற கேபிளின் இரண்டு முனை எல்லாவற்றையும் பிடுங்கி, கேபிளைச் சுருட்டிக் கட்டிலில் பாய்மேல் வைப்பேன். கட்டில் மரம், பாய் கோரை, மின்னல் அங்கே வராது என்று எனக்கு ஒரு கணக்கு. இடி ஓய்ந்ததும் திரும்ப மாட்டுவேன். கோயிலில் நடை திறந்து அடைப்பதுபோல நடக்கும் அது.

அந்தச் சமயத்தில் ஒரு கல்யாண வீடியோ என் கையில் இருந்தது. பெண்ணின் அப்பா படுக்கையில் கிடந்தவர். ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு வந்து, மாதா கோயில் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கல்யாணம் முடிந்து கொஞ்சநாளில் இறந்துபோனார். மூத்த மகன் எங்கள் வீட்டுக்கு வந்து முன்னறையில் நின்றபடியே சொன்னார்:

"நாப்பத்தொண்ணாம் நாள் பூசைக்கு அந்த வீடியோ வேணும் அண்ணே. அப்பா நடக்கத அம்மைக்கு ஒருக்கா பாக்கணுமாம். செத்ததுக்கப்புறம் அம்மை வாயே தொறக்கல்ல. இது ஒண்ணுதான் கேட்டாவ."

"தாறேன் தம்பி, தந்துருவேன்" என்றேன்.

அந்த டேப் என்னிடம் இல்லை. அன்றைக்கு எல்லா ஸ்டுடியோவிலும் அதுதான் வழக்கம்: கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டால் அதே டேப்பில் அடுத்த கல்யாணம். அந்த அப்பா நடந்த டேப்பின்மேல் பூதப்பாண்டியில் ஒரு ஜோடி மாலை மாற்றிக்கொண்டிருந்தது. அவர் நடந்தது இனி தலையில்லாப் பெட்டிக்குள் மட்டும்தான்.

மகன் வந்து போன மறுநாள் ஓர் இடி விழுந்தது. வீட்டு ஓடுகள் அதிர்ந்தன. நான் பெட்டியை முறையாக நிறுத்தாமல் எல்லாவற்றையும் உருவிப் போட்டேன். மழை விட்டதும் அவசர அவசரமாகத் திரும்ப மாட்டினேன். முன்னறைக்கு வந்து ஃபோல்டரைத் திறந்தால், அப்படி ஒரு பெட்டியே இல்லை என்கிறது கம்ப்யூட்டர். இன்டர்நெட்டும் இல்லை.

முன்னறைக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பெயரை மாற்றினேன். எண்களை மாற்றினேன். ஃபயர்வாலைத் திறந்தேன், மூடினேன். உள்ளறையில் எட்டிப் பார்த்தால் ஹப்பில் விளக்குகள் எல்லாம் ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன. நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று தோன்றியது. அப்படியானால் போனது டிஸ்க். நாட்கள் போயின. இறந்தவரின் மகன் போன் செய்தார், "ரெண்டு நாள்ல தாறேன்" என்றேன். மறுபடி செய்தார், மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை போன் அடித்தபோது எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். லீலா அதைக் கண்டாள். பின்வாசல் வழியாகப் போனாள். திரும்பி வரும்போது கூட மைனி வந்தார். துண்டு இடுப்பில் இருந்தது.

"என்ன பேடி ஒனக்கு?"

"நெட்வொர்க் கிட்டல்ல மைனி."

"அது பேடி இல்ல, அது வேல. பேடி என்னன்னு கேட்டேன்."

"இடியில டிஸ்க் போயிருக்கும்னு..."

"பெட்டில போய்ப் பாத்தியா?"

"இல்ல."

"ஏன்?"

லீலாதான் சொன்னாள்: "பாத்து இல்லேன்னு ஆயிட்டா என்ன செய்யன்னு, பாக்காமலே இருக்காரு மைனி. முன்னறையில இருந்து தட்டுதாரு, தட்டுதாரு, தட்டிக்கிட்டே இருக்காரு."

மைனி சிரிக்கவில்லை. ஒண்ணும் ஆவாது என்றும் சொல்லவில்லை. "போயிருக்கவும் செய்யலாம், கேட்டியா" என்றார். "செரி, மொதல்ல அத பாத்துருவோம். வயரு, நெட்வொர்க்கு எல்லாம் பொறவு. பிடி அந்தத் தலைய."

முன்னறைக் கம்ப்யூட்டரின் பழைய குண்டு மானிட்டர். கீபோர்டையும் மௌஸையும் லீலா எடுத்துக்கொண்டாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, நிறைமாதக்காரியை நடத்திப்போவதுபோல உள்ளறைக்குக் கொண்டுபோனோம். கட்டிலில் வைத்தோம். மைனி பெட்டியை அலமாரி இடுக்கில் இருந்து இழுத்து, மானிட்டர் வயரைக் குத்துவதற்காக அதன் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். பிறகு ஹப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன மைனி? கரிஞ்சிருக்கா?"

"கரியல்ல. நீ இந்தப் பக்கம் பாரு."

திரை கறுப்பாகவே இருந்தது. மைனி, "ஒருக்கா அணைச்சுப் போடணும்" என்றார்.

"வேண்டாம் மைனி. அணைச்சா பொறவு வராட்டா?"

"வராட்டா வராது. இப்பம் மட்டும் வந்து நிக்கா?"

அமுக்கிவிட்டார். உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம். திரை நீலமாக மாறி வெள்ளை எழுத்துகள் ஓடின. "போச்சு மைனி" என்றேன்.

"பேடிக்காண்டாம்னு நான் சொல்லல்ல" என்றார் மைனி. "நீ ஓடிட்டிருக்க பெட்டியில பிளக்க உருவி எடுத்தா அது பின்ன என்ன செய்யும்? உள்ள கெடக்கத ஒண்ணொண்ணா எண்ணிப் பாக்கு. எண்ணி முடியட்டு."

அது மெதுவாக எண்ணியது. மைனி தரையில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். லீலா கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"செரி, இல்லேன்னு வச்சுக்க. என்ன செய்வ?"

"செத்துருவேன் மைனி."

"சவத்த, அது கெடக்கட்டு. அதுக்கு முன்ன?"

யோசித்தேன். "அந்த வீட்ல போய்ச் சொல்லணும்."

"ஆருட்ட?"

"அம்மைட்ட."

"என்னன்னு சொல்லுவ?"

அத்தனை நாளில் நான் அந்த இடத்துக்குப் போனதே இல்லை. செத்துருவேன் என்ற இடத்திலேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது முதல்முறையாக அந்த வீட்டு வாசலும் அந்த அம்மாவின் முகமும் தெரிந்தன. "இடியில போச்சு, வேற எங்கிட்ட இல்லம்மா, மன்னிக்கணும்னு" என்றேன்.

"அவ்வளவுதான? சொல்லுவோம். நானும் கூட வாறேன். அவ ஏசுவா, அழுவா. ஓடிவராம நாம அங்கினயே இருப்போம். பொறவு, கல்யாணத்துக்கு வந்தவனுவ கையிலயும் கேமரா இருந்துல்லா? வீடு வீடாப் போய்க் கேப்போம். அந்த மனுசன் நிக்க படமெல்லாம் சேத்து ஒண்ணு செய்து குடு. அது இதுபோல இருக்காது. ஆனா ஒண்ணும் இல்லாம இருக்காது."

சாயாவை எடுத்துக் குடித்தேன். சூடு ஆறிப்போயிருந்தது, ஆனால் இனித்தது தெரிந்தது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தாலும் நாளை காலையில் நான் என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. பயம் போகவில்லை. ஆனால் அதற்கு ஒரு அளவு வந்துவிட்டது.

நீலம் போய்த் திரை வெளுத்தது. மைனி மௌஸை என் பக்கம் தள்ளினார். "நீ தொற."

மணப்பெண்ணின் பெயர் போட்ட ஃபோல்டர் அங்கே இருந்தது. திறந்து ஓடவிட்டேன். மாதா கோயில் வாசல். வெள்ளைச் சட்டை தோளில் தொளதொளக்க, ஊசி குத்திய கையில் பிளாஸ்திரியோடு அந்த மனுஷர் மகளின் கையைப் பிடித்து வருகிறார். கேமராவைக் கண்டதும் மற்ற கையை வீசி, "என்ன எதுக்குடே எடுக்க? பிள்ளைய எடு, பிள்ளைய எடு" என்கிறார்.

லீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் கட்டில் கிறீச்சிட்டது. மைனி அதில் தொப்பென்று உட்கார்ந்து, இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் மாதாவே! நெஞ்சு அடிச்ச அடி..."

"நீங்களுமா பேடிச்சிய மைனி?"

"பின்ன? ஒனக்குப் பேடிய வச்சுக்கிட்டு நாளுகணக்குல இருக்கத் தெரியும் மக்கா. எனக்கு ஒரு மணிக்கூர் தாங்காது. நெஞ்சு வெடிச்சுரும். அதான் எதுன்னாலும் ஓடிப்போய்ப் பாத்துருகது."

நான் அவரைத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் என்னைவிடப் பெரிய பயங்கொள்ளி ஒருத்தர் மதிலுக்கு அப்புறம் இருந்திருக்கிறார்.

கொஞ்சம் மூச்சு வந்ததும், "இனி அந்த வயரப் பாரு" என்றார். ஹப்பைத் தூக்கிக் காட்டினார். நான் கட்டிலில் சுருட்டி வைத்து எடுத்து மாட்டிய கேபிளின் ஒரு முனை ஹப்பில் இருந்தது. மறுமுனையும் அதே ஹப்பில்தான் இருந்தது. பெட்டியின் பின்னால் அந்த ஓட்டை காலி.

"தலையையும் வாலையும் ஒரே எடத்துல குத்தி வச்சிட்டு, பெட்டி கிட்டல்லன்னு அழுதிருக்கான் பாரு லீலா! அனுப்புனதெல்லாம் சுத்திச் சுத்தித் திரும்ப இங்கயே வந்துட்டிருக்கு. ஒன் மண்டைக்குள்ள நடக்கதுதான் இதுக்குள்ளயும் நடக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். விளக்குகள் ஒன்றாகத் துடித்ததை நான் ஆரோக்கியம் என்று நினைத்திருந்தேன்.

"மொதல்லயே கண்டியல்லா? அப்பமே சொல்லியிருக்கலாமே மைனி."

"சொன்னா, வயருதான்னு நீ அப்பமே துள்ளியிருப்ப. அதுக்கப்புறம் டிஸ்க்கும் போயிருந்துன்னா? ரெண்டு வட்டம் சாவணும்லா நீ."

ஒரு முனையைப் பிடுங்கிப் பெட்டியில் குத்தினார். விளக்குகள் அடங்கி, நிதானமாக மினுங்க ஆரம்பித்தன.

நாற்பத்தொன்றாம் நாளன்று சிடியோடு நான் கிளம்பும்போது மைனி சேலை கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். "கூட வாறேன்னு சொன்னேன்லா" என்றார். கெட்டதைச் சொல்லத்தானே வருவதாகச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பூசை முடிந்து வீட்டில் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மகன் சிடியைப் போட்டார். அந்த அம்மா வெள்ளைச் சேலையில், டிவிக்கு மிக அருகில், தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. மாதா கோயில் வாசல் வந்தது. அந்த மனுஷர் நடந்து வந்தார். கேமராக்காரனைக் கையை வீசி விரட்டினார். எங்கோ ஒருத்தி விம்மினாள். படத்தில் அவர் இன்னும் என்னை விரட்டிக்கொண்டே, காலடியைப் பார்க்காமல் பீடத்தை நெருங்கினார்.

"பாத்து நடங்க" என்றார் அந்த அம்மா, டிவியிடம். நன்றாகக் கணீரென்ற குரல். "அவன் எடுத்துட்டுப் போவட்டு. அங்க படி கெடக்கு, பாத்து."

அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. திரையில் அவர் படியை ஏறினார். கால் தடுக்கவில்லை. அந்த அம்மா மகன் பக்கம் திரும்பி, "எப்பவும் இப்பிடித்தான் இந்த மனுசன்" என்றார். முதலில் மகன் சிரித்தார். பிறகு வீடே சிரித்தது.

நான் கதவோரம் சுவரில் சாய்ந்துகொண்டேன். மைனி என் கையை இடித்து, "மூச்சு விடு மக்கா" என்றார்.

விட்டேன்.